சேருமிடமும் பிரியுமிடமும்: இந்தக் கருவில் முதல் படைப்பைத் தொடங்குபவர்களுக்கு

‘சேர்தல், பிரிதல்’ என்ற கருவை எடுத்துக்கொண்டு ஏதாவது செய்ய உட்கார்ந்தால், முதலில் மனதில் வரும் படங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். கோத்த இரண்டு கைகள். அறுந்த சங்கிலி. நடுவில் கிழிந்த புகைப்படம். எதிரெதிர்த் திசையில் நடந்து போகும் இருவர். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எல்லாமே முடிந்துபோன நிலையைக் காட்டுகின்றன. சேர்ந்தாயிற்று, அல்லது பிரிந்தாயிற்று. சேர்ந்த அந்த இடத்தில் என்ன நடந்தது, பிரிந்தபோது எது யாரிடம் தங்கியது என்பது படத்தில் இல்லை.

இந்தக் கருவில் நான் காகிதத்திலும் துணியிலும் எழுத்திலும் பல முறை வேலை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: சேரும் இரண்டையும் கொஞ்சம் மறந்துவிட்டு, அவை தொட்டுக்கொள்ளும் இடத்தை மட்டும் பார்ப்பது. பசை, தையல், முடிச்சு, மடிப்பு, தழும்பு, இடைவெளி. அர்த்தம் அங்கேதான் குடியிருக்கிறது. கீழே சொல்லும் படிகள் உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்துவதற்காகத்தான். ஓவியம், கொலாஜ் (துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்), நிழற்படம், கவிதை, கதை, நாடகம் என எதில் வேலை செய்பவருக்கும் இவை உதவும். தொடங்குவதற்கு ஒரு நோட்டு, பேனா, கத்தரிக்கோல், ஊசி, நூல், கொஞ்சம் காகிதம் போதும்.

1. ஒரு மாலைப் பொழுதைச் சொற்களுக்குக் கொடுங்கள்

எடுத்த எடுப்பில் வரைய ஆரம்பிக்காதீர்கள். நோட்டின் இடப்பக்கத்தில் சேர்வதைக் குறிக்கும் வினைகளை எழுதுங்கள். வலப்பக்கத்தில் பிரிவதைக் குறிப்பவை. அகராதி வேண்டாம். சேர், இணை, ஒட்டு, கட்டு, கோ, தை, பின்னு, பொருத்து, பிணை, கல, கூடு, பற்றவை, அணை. அந்தப் பக்கம் பிரி, அறு, வெட்டு, துண்டி, உடை, கிழி, அவிழ், கழற்று, விலகு, பிள, பிய், முறி, உதிர். கால் மணி நேரம் கை நிற்காமல் எழுதினால் பக்கத்துக்கு 20 சொல்லாவது வந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கு எதிரிலும், அந்தச் செயல் நடக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். முக்கியமான வேலை இதுதான். மணிகளைக் கோக்க ஒவ்வொரு மணியிலும் துளை வேண்டும். கோத்த பிறகும் மணிகள் தனித்தனியாகவே இருக்கின்றன, நூல் மறைந்திருக்கிறது, அது அறுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் சிதறும். பின்னுவதற்குப் பசையும் வேண்டாம், துளையும் வேண்டாம். மூன்று இழைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்தே நிற்கின்றன, கடைசியில் ஒரு முடிச்சு மட்டும் போதும். கலப்பது வேறு மாதிரி. தண்ணீரில் விழுந்த மைத்துளியைத் திரும்ப எடுக்க முடியாது. கோத்த மூவர், பின்னிய மூவர், கலந்த மூவர் என்று ஒரு குடும்பத்தை மூன்று விதமாக வரைந்து பாருங்கள், மூன்றும் மூன்று கதைகளாக இருக்கும்.

பிரிவின் பக்கத்திலும் இப்படித்தான். ஒரு முடிச்சை அவிழ்க்கலாம், அறுக்கலாம். இரண்டிலும் முடிச்சு போய்விடும். அவிழ்க்க விரல்களுக்குப் பொறுமை வேண்டும், நேரம் பிடிக்கும், ஆனால் நூல் முழு நீளத்தோடு திரும்பக் கிடைக்கும். அறுத்தால் ஒரு நொடியில் முடிந்தது, நூல் குட்டையாகிவிடும். ஓர் உறவின் முடிவைப் பற்றித்தான் உங்கள் படைப்பு என்றால், அது அவிழ்ந்ததா அறுந்ததா என்ற கேள்வியோடு ஒரு நாள் முழுக்க இருங்கள்.

2. யார் செய்தது என்று மொழியிடம் கேளுங்கள்

தமிழ் இங்கே நமக்குத் தந்திருக்கும் வசதி மிகப் பெரியது. சேர்ந்தது, சேர்த்தது. பிரிந்தார்கள், பிரித்தார்கள். உடைந்தது, உடைத்தது. கிழிந்தது, கிழித்தது. அறுந்தது, அறுத்தது. நடுவில் ஒரு மெல்லின எழுத்து வல்லினமாகிறது, அவ்வளவுதான். பொறுப்பு ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிவிடுகிறது. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று படித்துவிட்டு மறந்துபோகிற விஷயம், இந்தக் கருவில் வேலை செய்பவருக்குப் பொக்கிஷம்.

பயிற்சி இது. உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சேர்க்கையையோ பிரிவையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்து வாக்கியங்களில் தன்வினையில் மட்டும் எழுதுங்கள்: ‘பேச்சு குறைந்தது. கடிதம் நின்றது. நாங்கள் பிரிந்தோம்.’ பிறகு அதே ஐந்தையும் பிறவினையில் எழுதுங்கள்: ‘பேச்சைக் குறைத்தேன். கடிதத்தை நிறுத்தினேன்.’ ஏதோ ஒரு வாக்கியத்தில் கை தயங்கும். அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். உங்கள் படைப்பு பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கப்போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில சொற்கள் எதிர்ப்பக்கத்திலும் கால் வைத்திருக்கின்றன. ‘கடிதத்தைப் பிரித்துப் படித்தான்’ என்கிறோம். அங்கே பிரிப்பது என்றால் திறப்பது. ‘போய்ச் சேர்ந்தோம்’ என்றால் பயணம் முடிந்துவிட்டது. ‘முடி’ என்றால் கட்டு என்றும் பொருள், தீர்த்துவிடு என்றும் பொருள். முடிச்சிலும் முடிவிலும் அதே ‘முடி’தான் இருக்கிறது. ‘இசை’ என்றால் பொருந்து, ஒத்துப்போ. பாட்டுக்கும் அதே பெயர்.

பிரித்தல் என்றால் திறத்தல் என்ற அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் படைப்பைச் செய்யலாம். கோர்டன் மாட்டா-க்ளார்க் என்ற அமெரிக்கக் கலைஞர் 1974-இல் நியூஜெர்சியில், இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டை மேலிருந்து கீழ்வரை நடுவில் அறுத்து, ஒரு பாதியை லேசாகச் சாய்த்தார். பிளவின் வழியாக வெயில் வீட்டுக்குள் கோடாக இறங்கியது. அந்த வீட்டைப் பிரித்தவர் அதைத் திறந்தும் வைத்தார்.

3. ஒரு நிஜமான இணைப்பை உற்றுப் பாருங்கள்

இப்போது சொற்களை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் உண்மையான ஓர் இணைப்பையோ பிரிவையோ தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் தினமும் அதை மட்டும் வரையுங்கள், அல்லது அதைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். கதவுக் கீல், சட்டைத் தையல், நாற்காலிக் கால் பொருந்தும் இடம், கிளையிலிருந்து இலை விழுந்த வடு. முதல் இரண்டு நாள் சலிப்பாக இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல்தான் கண் திறக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டுச்செடி. ஒரு செடியின் கிளையை இன்னொரு செடியின் தண்டில் ஒட்டவைக்க வேண்டுமானால், முதலில் இரண்டையுமே வெட்ட வேண்டும். காயம் படாத இரண்டு கிளைகளை எவ்வளவு நாள் சேர்த்துக் கட்டி வைத்தாலும் அவ்வளவு எளிதில் ஒட்டாது. இரண்டின் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளரும் படலம் ஒன்றோடொன்று நேருக்கு நேர் படும்படி வைத்து, காற்றும் ஈரப்போக்கும் இல்லாமல் இறுகக் கட்டினால், இரண்டு காயங்களும் சேர்ந்து ஒரே காயமாக ஆறுகின்றன. அதன்பிறகும் மேலே உள்ளது தன் இனத்துப் பழத்தையே காய்க்கும், கீழே உள்ளது தன் இனத்து வேராகவே இருக்கும். ஒன்றின் தண்ணீரில் இன்னொன்று வாழ்கிறது, இரண்டும் கலந்துவிடவில்லை. ஒட்டிய இடத்தில் ஒரு புடைப்பு கடைசிவரை தெரியும்.

சேர்வதற்கு முன்னால் வெட்டு வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் செடியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் அதுவே தெரிந்தது. சட்டை தைக்க முதலில் துணியை வெட்டுகிறோம். தைக்கும் ஊசி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு துளை போடுகிறது.

பிரிவைப் பார்க்க விரும்பினால் இலை உதிர்வதைப் பாருங்கள். காற்று அடித்து இலை விழுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் மரம் வெகு நாள்களுக்கு முன்பே தயாராகிவிடுகிறது. காம்பு கிளையில் சேரும் இடத்தில் ஒரு பிரிவடுக்கு உருவாகி, அங்குள்ள செல்களின் பிடிப்பு தளர்கிறது; அதன் அடியில் ஒரு காப்புப் படலம் வளர்ந்து காயத்தை மூடுகிறது. காற்று செய்வது கடைசி வேலை மட்டும். ஒரு பிரிவை நாடகமாகவோ கதையாகவோ எழுதுபவர், சண்டை நடந்த நாளை எழுதுவதற்குப் பதில் அந்தப் படலம் வளர்ந்த நாள்களை எழுதினால் எவ்வளவு வித்தியாசமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலிமையைப் பற்றியும் ஒரு சின்னக் குறிப்பு. முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்தால், அது பெரும்பாலும் முடிச்சை ஒட்டித்தான் அறும். வளைந்து நெருக்குண்ட இடம்தான் பலவீனம். ஆனால் இழைப்போக்கில் நன்றாகப் பசைபோட்டு ஒட்டிய இரண்டு பலகைகளை உடைத்தால், ஒட்டிய கோடு நிற்கும், பக்கத்து மரம் உடையும். நீங்கள் காட்ட நினைக்கும் உறவு இதில் எந்த வகை?

4. நிலைமொழி, வருமொழி: நடுவில் நடப்பதைப் பெயர் சொல்லி அழையுங்கள்

இரண்டு சொற்கள் சேர்வதைத் தமிழ் இலக்கணம் புணர்ச்சி என்கிறது. முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. இந்த இரண்டு பெயர்களே போதும், ஒரு நோட்டை நிரப்பிவிடலாம். எந்தச் சேர்க்கையிலும் ஒருவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கிறார், இன்னொருவர் வருகிறார். உங்கள் படைப்பில் யார் நின்றவர், யார் வந்தவர்?

சேரும்போது என்ன ஆகலாம் என்பதையும் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. எதுவும் மாறாமல் சேர்ந்தால் இயல்பு: பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை. மாறினால் விகாரம், அது மூன்று வகை. வாழையும் பழமும் சேரும்போது, இரண்டிலும் இல்லாத ஒரு ‘ப்’ நடுவில் வந்து வாழைப்பழம் ஆகிறது; இது தோன்றல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொன்னின் கடைசி எழுத்து மாறிப் பொற்குடம், இது திரிதல். மரமும் வேரும் சேர்ந்தால் மரத்தின் ‘ம்’ காணாமல் போய் மரவேர், இது கெடுதல். இவை போக, இரண்டு உயிரெழுத்துகள் நேருக்கு நேர் வந்து நிற்கும்போது, அவை மோதாமல் இருக்க நடுவில் ஒரு மெய் வந்து உட்காரும். மணியும் அழகும் சேர்ந்தால் மணியழகு. அந்த ‘ய்’யின் பெயர் உடம்படுமெய். சேராத இரண்டை உடன்பட வைப்பதால் அந்தப் பெயர்.

சரி, இதை வேலையில் எப்படிப் பயன்படுத்துவது? நீங்கள் எடுத்துக்கொண்ட சேர்க்கையை நோட்டில் எழுதி, நான்கு கேள்விகள் கேளுங்கள். இதில் புதிதாக என்ன தோன்றியது? யார் திரிந்தார்கள்? எது கெட்டது, அதாவது எது காணாமல் போனது? நடுவில் உடம்படுமெய்யாக வந்து உட்கார்ந்தது யார், எது? ஒரு நட்பில் அது மூன்றாவது நண்பராக இருக்கலாம். இரண்டு அறைகளுக்கு நடுவே வாசற்படியாக இருக்கலாம். திருமணமாகி ஒரு வீட்டுக்கு வந்தவர் விட்டுவிட்ட ஒரு பழக்கம், மரவேரில் போன அந்த ‘ம்’ தான். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். முதல் படைப்பில் நான்கையும் காட்டப் போனால் ஒன்றும் தெரியாது.

5. திரும்பச் சேருமா என்று முடிவு செய்யுங்கள்

மூதுரையில் ஔவையார் சினத்தால் வரும் பிளவை மூன்றாகப் பிரிக்கிறார். கல் பிளந்தால் பிளந்ததுதான். பொன் பிளந்தால் உருக்கிச் சேர்த்துவிடலாம். அம்பு எய்தால் நீரும் பிளக்கிறது, ஆனால் அந்த நொடியே மூடிக்கொள்கிறது. அவர் மனிதர்களின் கோபத்தைத் தரம் பிரிக்கச் சொன்னது இது. எனக்கோ இது பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணையாகவே உதவியிருக்கிறது. நீங்கள் சொல்ல நினைக்கும் பிரிவு கல்லா, பொன்னா, நீரா? கல் என்றால் பீங்கான், கண்ணாடி, எரிந்த காகிதம் போல மீளாத ஒன்றை எடுங்கள். பொன் என்றால் மெழுகு, களிமண். நீர் என்றால் மணல், நிழல், ஒளி, குரல்.

உடைந்த பீங்கானை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன்தூள் தூவும் ஜப்பானியக் கலையான கின்ட்சுகியைப் பலரும் அறிந்திருப்பீர்கள். கல்லைப் பொன்னால் சேர்க்கும் வழி என்று அதைச் சொல்லலாம். அழகான மரபு அது. இருந்தாலும் முதல் படைப்புக்கு அதைத் தொடாதீர்கள் என்பேன். பொன் கோட்டைக் கண்டதும் பார்ப்பவர் ‘காயமும் அழகுதான்’ என்று தன் மனதில் ஏற்கெனவே இருக்கும் பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உங்கள் காயத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு வகை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் யோசிக்காதது: சேர்வதற்காகவே பிரிப்பது. பழைய கிரேக்கத்தில் ஓர் உடன்படிக்கைக்கு அடையாளமாக ஒரு பொருளை இரண்டாக உடைத்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பிறகு எப்போதாவது இரண்டு பாதியும் பொருந்தினால், இவர்தான் அவர் என்று உறுதியாகும். அதற்கு ‘சிம்போலான்’ என்று பெயர். சேர்த்து வைப்பது என்ற பொருளில் பிறந்த சொல். சின்னம், குறியீடு என்று நாம் சொல்லும் ‘சிம்பல்’ அதிலிருந்துதான் வந்தது. இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகளாகக் கடன் கணக்கை ஒரு குச்சியில் வெட்டுகளாகப் பொறித்து, குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். மரத்தின் இழையோட்டம் இன்னொரு குச்சியோடு பொருந்தாது, அதனால் ஏமாற்ற முடியாது. ஒழுங்கற்ற உடைவுதான் அங்கே நம்பிக்கை.

6. பத்து நகல், பத்து விதம்

இப்போது கைவேலை. ஒரு படத்தையோ ஒரு பக்க எழுத்தையோ பத்து நகல் எடுங்கள். ஒவ்வொன்றையும் வேறு விதமாக இரண்டாக்கி, வேறு விதமாகச் சேருங்கள். கத்தரிக்கோலால் வெட்டியது ஒன்று, கையால் கிழித்தது ஒன்று, மடித்து மடித்து மடிப்பிலேயே பிய்ந்தது ஒன்று, நனைத்து இழுத்தது ஒன்று. சேர்க்கும்போது பசை, தையல், குண்டூசி, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏற்றி வைப்பது, ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு அருகருகே வைப்பது. எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சில செய்முறைக் குறிப்புகள். காகிதத்துக்கு இழைப்போக்கு உண்டு: ஒரு திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். கிழித்த ஓரத்தில் நார் வெள்ளையாகத் தெரியும், வெட்டிய ஓரத்தில் தெரியாது. அதனால் கிழிசலைத் திரும்ப ஒட்டினாலும் ஒரு வெள்ளைக் கோடு தங்கும். கடையில் வாங்கும் வெள்ளைப் பசை காய்ந்தபின் காகிதத்தைக் கிழிக்காமல் எடுப்பது கடினம். மாவுப் பசை ஈரம் பட்டால் இளகிவிடும். பழைய ஆவணங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையை விரும்புவதற்கு அதுதான் காரணம். பின்னால் வருபவர் பிரிக்க வேண்டியிருந்தால் பிரிக்கலாம்.

காகிதத்தைத் தைப்பதாக இருந்தால், முதலில் ஊசியால் துளைகளைக் குத்திக்கொண்டு பிறகு நூலை ஓட்டுங்கள். துளைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். உறுதியாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைத்தால், தபால்தலை ஓரம் போலத் துளைவரிசையிலேயே காகிதம் பிய்ந்துவிடும். எனக்கு இது நடந்தது. இரண்டு துண்டுகளைப் பிரியவே விடக்கூடாது என்று தைத்த தையல்தான் அவற்றைப் பிரித்தது. அந்தப் பிய்ந்த தாளை நான் தூக்கிப்போடவில்லை. கடைசியில் படைப்பாகச் சுவருக்குப் போனது அதுதான்.

பத்தில் எது கண்ணை இழுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அழகாக வந்ததை எடுக்க வேண்டாம். மூன்றாம் முறை பார்க்கும்போதும் ஏதோ செய்கிறதே, அதை எடுங்கள்.

இருவராக வேலை செய்பவர்கள் 1920-களில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற குழுவினர்) விளையாடிய ஒரு விளையாட்டையும் முயன்று பார்க்கலாம். ஒருவர் தாளின் மேல்பகுதியில் வரைந்து, தாளை மடித்து மறைத்து, கோடுகளின் நுனியை மட்டும் மடிப்புக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அந்த நுனிகளிலிருந்து தொடங்கித் தன்னுடையதை வரைவார். விரித்துப் பார்க்கும்போது உருவத்தைப் பார்த்து மயங்கிவிடாமல், அந்த மடிப்புக் கோட்டைப் பாருங்கள்.

7. எந்த நேரத்தைக் காட்டப்போகிறீர்கள்?

சேர்தலுக்கும் பிரிதலுக்கும் முன், நடுவில், பின் என்று மூன்று நேரம் உண்டு. தொடங்குபவர்கள் பெரும்பாலும் நடுவையே காட்டுவார்கள். மற்ற இரண்டும் இன்னும் வளமானவை.

முன்: ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் என்ற கலைஞர் ஒரே மாதிரியான இரண்டு சாதாரணச் சுவர்க் கடிகாரங்களை, விளிம்பு ஒன்றையொன்று தொடும்படி மாட்டி, இரண்டிலும் ஒரே நேரத்தை வைத்தார். வேறெதுவும் செய்யவில்லை. பேட்டரி தளரத் தளர ஒன்று பின்தங்கும், ஒருநாள் ஒன்று முதலில் நின்றுவிடும். அவருடைய துணைவர் எய்ட்ஸால் நோயுற்றிருந்த ஆண்டுகளில் உருவான படைப்பு அது. 1991-இல் அந்தத் துணைவர் இறந்துபோனார். கடிகாரங்கள் ஒத்து ஓடும்போதே அவற்றைப் பார்க்கிறவருக்குத் தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் இனி வரப்போவது தெரிந்துவிட்டது. பிரிவைக் காட்டவே இல்லை. சேர்ந்திருப்பதை மட்டும்தான் காட்டினார்.

நடு: மரினா அப்ரமோவிச்சும் உலாயும் 12 ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த கலைஞர்கள். 1988-இல் சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்து ஒருவரையொருவர் நோக்கி நடந்தார்கள். 90 நாள், ஆளுக்கு ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். சந்தித்த இடத்தில் விடைபெற்றுப் பிரிந்தார்கள். கால்கள் செய்தது முழுக்கச் சேர்தல், நடந்தது பிரிதல்.

பின்: கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 2007-இல் லண்டனில் உள்ள டேட் மாடர்ன் என்ற கலை அருங்காட்சியகத்தின் கூடத்துத் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். காட்சி முடிந்ததும் அதை நிரப்பி மூடினார்கள். மூடிய கோடு தரையில் தழும்பாகத் தெரிகிறது, மக்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். தழும்பைப் பற்றி யோசிக்கிறவர் தன் தொப்புளையும் பார்த்துக்கொள்ளலாம். முதல் பிரிவின் வடு எல்லோர் உடம்பிலும் நடுவில் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்களுக்கு வரிமுறிவும் பத்தி இடைவெளியும்தான் பசையும் கத்தரியும். ‘அதனால்’, ‘ஆனால்’, ‘பிறகு’ போன்ற சொற்களை ஒரு பக்கத்திலிருந்து முழுக்க எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியங்கள் தனித்தனித் தீவுகளாகும். காட்சி ஊடகத்தில் வேலை செய்பவர்கள் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பரிசோதனையை நினைவில் வையுங்கள்: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் வெட்டி ஒட்டினால், முகத்தில் ஒருமுறை பசியும் ஒருமுறை துக்கமும் தெரிகிறது. வெட்டு விழுந்த இடத்தில் அர்த்தத்தைப் போட்டது பார்த்தவர்.

8. மற்றவர்களுடைய பொருள்களில் கை வைக்கும் முன்

இந்தக் கரு நம்மைப் பழைய பெட்டிகளைத் திறக்க வைக்கும். கடிதம், புகைப்படம், யாரோ விட்டுப்போன துணி. தயவுசெய்து அசலை வெட்டாதீர்கள். நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். எனக்கு நெருக்கமான ஒருவர் எழுதிய ஒரே கடிதத்தை, என் முதல் கொலாஜில் வெள்ளைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். பின்புறத்திலும் நாலு வரி எழுதியிருந்தார். அந்த நாலு வரியை இனி யாரும் படிக்க முடியாது. சேர்த்ததால் இழந்தது அது, அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது என்றால், காட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். பிரிந்துபோன இருவரில் ஒருவரின் கதை மட்டும் உங்களிடம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய தன்வினை, பிறவினை வாக்கியங்களை இன்னொருவர் வாயால் எழுதிப் பார்ப்பது இங்கே உதவும்.

9. காட்டுங்கள், பிறகு கழற்றுங்கள்

முடித்ததும் ஒருவரிடம் காட்டுங்கள். தலைப்பு சொல்ல வேண்டாம், விளக்க வேண்டாம். ‘இந்த இடத்தில் என்ன நடந்தது?’ என்று இணைப்பைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். அவர் ஒரு வினைச்சொல்லோடு பதில் சொன்னால் படைப்பு வேலை செய்கிறது. ‘ஒட்டியிருக்கிறது, ஆனால் பிடிக்காமல் ஒட்டியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னார் எனக்கு. நான் நோட்டில் இரண்டு பக்கம் எழுதியும் வராத வாக்கியம் அது. அவர் ‘சோகமாக இருக்கிறது’, ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், ஆறாம் படிக்குத் திரும்பி வேறொரு நகலை எடுங்கள்.

கடைசியாக, மாட்டுவதற்கு முன்பே கழற்றுவதை யோசித்து வையுங்கள். காட்சி முடிந்ததும் இரண்டு துண்டுகளும் ஒரே பெட்டிக்குள் போகுமா, ஆளுக்கொன்றாக இரண்டு வீடுகளுக்குப் போகுமா? தையலைப் பிரிப்பீர்களா, வெட்டுவீர்களா, அப்படியே விடுவீர்களா? யார் அதைச் செய்வார்? முடிவு செய்ததை இரண்டு துண்டுகளின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் சுவரில் ஆணி அடியுங்கள்.